தச்சர் கைக்கு வந்த ஈமக்கடன்
அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய நாட்களில், இறந்தாரை நீராட்டி உடுத்துவது வீட்டுப் பெண்டிர் கடமை. அயலார் சுமந்து சென்று அடக்கினர். எளிமை பேசிய பாஸ்டனிலோ, சாவுக்கு அழைப்பாகக் கையுறை அனுப்பும் வழக்கம் பெருகிற்று. ஆண்ட்ரூ எலியட் என்னும் பாதிரியார் 32 ஆண்டுகளில் பெற்றவை 2,940 இணைகள்! அவற்றை அவர் விற்றுக் காசாக்கினார் என்றறியும்போது நாம் நகையாதிருத்தல் அரிது. 1774-இல் கூடிய காங்கிரஸ் இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு தீர்மானித்தது.

சவப்பெட்டி செய்த தச்சரே நாளடைவில் வண்டியும் வாடகைக்கு அளித்து, ஈமப்பணியைத் தொழிலாக்கினார். 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. தொலைவில் மடிந்த மைந்தரின் முகத்தை ஒருமுறையேனும் காண விழைந்தோர்க்காக, உடலைக் கெடாது பதப்படுத்தும் முறை பரவிற்று. 1865-இல் அவ்வாறு பதப்படுத்திய லிங்கனின் உடல் ரயிலேறி ஸ்பிரிங்பீல்டு சென்றது. வழியில் நகர்தோறும் மக்கள் திரண்டு கண்டனர். அதன்பின் நீராட்டும் உரிமை மெல்ல மெல்லப் பெண்டிர் கையை விட்டு அகன்றது.