வெளிநாட்டுப் படகுத்துறையில் தங்கல்

வெளிநாட்டுப் படகுத்துறையில் தங்கல் என்பது, பாய்மரப் படகிலோ சிறு விசைப்படகிலோ கடல் கடப்போர் வேறொரு நாட்டின் துறைக்குள் நுழைந்து, அனுமதி பெற்று, தங்கிப் புறப்படுவதற்கான நடைமுறை. மிதவை மேடை, மின்சாரம், குடிநீர் ஆகிய வசதிகளோடு இத்தகைய படகுகளுக்கென்றே அமைந்த துறையை மெரினா என்பர். தமிழ்நாட்டில் அச்சொல் சென்னைக் கடற்கரையின் பெயராகிவிட்டதால் இங்கே ‘படகுத்துறை’ என்றே வழங்கப்படுகிறது.

கடலோரம் அல்லாத வட்டாரத்துக்கும் இந்த நடைமுறையோடு தொடர்பு உண்டு. சிவகாசி அமைந்த விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. சிவகாசியிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள தூத்துக்குடியே அம்மாவட்டத்துக்குத் துறைமுகம். ஆனால் இந்தக் கரிசல் வட்டாரத்தின் சரக்குகளான மிளகாய் வற்றல், பருப்பு, பால்கோவா, பட்டாசு எல்லாமே அயல்துறையில் சுங்க அதிகாரி முதலில் விசாரிக்கும் பொருள்கள். படகில் சாமான் ஏற்றும்போதே துறைமுக நடைமுறை தொடங்கிவிடுகிறது.

அருகிலுள்ள துறைகள்

தூத்துக்குடியின் புதிய துறைமுகம் 1974இல் இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமாகச் செயல்படத் தொடங்கியது, 2011இல் வ.உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது. சரக்குக் கப்பல்களுக்கெனக் கட்டப்பட்டது அது. பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் காய்கறி, கட்டுமானப் பொருள்களோடு மாலத்தீவுக்குச் சென்றுவந்தன. தோணியின் தலைவரைத் ‘தண்டல்’ என்பர். தென்தமிழகத்தில் அயல்துறை அனுபவம் நெடுங்காலமாகத் தண்டல்களிடம் இருந்தது.

பாய்மரப் படகுகளுக்கு இப்பகுதியில் முக்கியமான தங்கிடங்கள் கொச்சி, இலங்கையின் காலி, திருகோணமலை ஆகியவை. கொச்சியில் போல்காட்டித் தீவில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை உள்ளது. தாய்லாந்து, மலேசியப் பக்கமிருந்து மேற்கே வருவோர் பெரும்பாலும் சனவரி முதல் மார்ச் வரை, வடகிழக்குக் காற்று நிதானப்பட்ட பின் கடக்கிறார்கள். பாக் நீரிணையும் ஆதாம் பாலமும் ஆழம் குறைந்தவை என்பதால் பெரும்பாலான படகுகள் இலங்கையைத் தெற்கே சுற்றியே போகின்றன. இந்திய - இலங்கைக் கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களால் வரையறுக்கப்பட்டது. அதைத் தெரியாமல் தாண்டுவதும் குற்றமே.

நுழையும் முறை

துறைக்குள் வரும் முன் மிக உயர் அதிர்வெண் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் துறைமுகக் கட்டுப்பாட்டை அழைத்து, படகின் பெயர், கொடிநாடு, ஆட்களின் எண்ணிக்கை, கடைசியாக நின்ற துறை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். சில நாடுகளுக்கு முன்னறிவிப்பும் தேவை. நியூசிலாந்து 48 மணி நேரத்துக்கு முன்பே கேட்கிறது.

நாட்டின் கடல் எல்லைக்குள் வந்ததும் மஞ்சள் கொடி ஏற்றப்படும். ‘படகில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி வேண்டும்’ என்பது அதன் பொருள். பாய்மரத்தின் வலப்புறக் குறுக்குத்தண்டு அதற்குரிய இடம். அனுமதி கிடைத்ததும் மஞ்சள் கொடியை இறக்கி, அதே இடத்தில் அந்நாட்டுக் கொடியை மரியாதைக்கு ஏற்றுவர். சுகாதாரம், சுங்கம், குடிவரவு ஆகிய துறைகளின் ஒப்புதல் முடியும்வரை படகின் தலைவரைத் தவிர மற்றவர் கரையில் கால் வைக்கக் கூடாது என்பதே பெரும்பாலான நாடுகளின் வழக்கம்.

வழிகாட்டும் மிதவைகளின் நிறம் உலகெங்கும் ஒன்றல்ல. இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா, ஐரோப்பா ஆகிய இடங்களில் துறைக்குள் நுழைகையில் சிவப்பு மிதவை இடப்பக்கம் இருக்கும். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவற்றில் அது வலப்பக்கம். பழக்கத்தை நம்பி இரவில் நுழைவோர் தரைதட்ட நேரும்.

ஆவணங்கள்

பாஸ்போர்ட், படகின் பதிவுச் சான்று, காப்பீடு, ஆள் பட்டியலின் பல படிகள், கடைசித் துறை கொடுத்த புறப்பாட்டுச் சான்று ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சரக்குக் கப்பல் மாலுமிகள் தங்கள் பணி அடையாள ஆவணத்தைக் காட்டிக் கரையிறங்கும் அனுமதிச் சீட்டு பெற முடியும். தம் சொந்தப் படகில் வருவோருக்குப் பொதுவாக அச்சலுகை இல்லை. சாதாரணப் பயணிபோல் விசா வேண்டும். இந்தியாவின் இ-விசா எல்லாத் துறைமுகங்களிலும் செல்லாது. அதற்கென அறிவிக்கப்பட்ட துறைமுகம் வழியாகவே நுழைய வேண்டும். இலங்கைத் துறைகளில் உள்ளூர் முகவர் வழியாகவே ஆவண வேலை நடக்கும். முகவர் கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

சாமான்கள்

உணவில் ஒளிவுமறைவு கூடாது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வேளாண் நோய்களுக்கு அஞ்சி விதை, பயறு, பால் பொருள், தேன் அனைத்தையும் விசாரிக்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூர் பால்கோவாவும் அங்கே வெறும் பால் பொருள்தான். அறிவித்தால் பொருள் மட்டும் போகலாம். மறைத்தால் அபராதம் விழும். மசாலா டப்பாவில் கிடக்கும் கசகசா, சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடைப்பொருள். மாலத்தீவில் மது, பன்றி இறைச்சி மட்டுமன்றி, வழிபாட்டுக்குரிய சிலைகளும் கொண்டுவரத் தடை உண்டு. அறையில் முருகன் சிலையோ மாதா சொரூபமோ வைத்திருப்போர் இதை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவுக்கு வருவோர் கவனிக்க வேண்டியது செயற்கைக்கோள் தொலைபேசி. துராயா, இரிடியம் கருவிகளை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் கண்காணிப்பு கடுமையானது.

பட்டாசும் அபாயச் சுடரும்

இந்தியப் பட்டாசின் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்தில்தான் உற்பத்தியாகிறது. அதைப் படகில் எடுத்துச் செல்வது இருவகையில் ஆபத்து. முதலாவது, சட்டம்: சிங்கப்பூர் 1972இல் பட்டாசைத் தடை செய்தது, இந்தியாவுக்குள் பட்டாசு கொண்டுவரவும் சிறப்பு உரிமம் தேவை.

இரண்டாவது, கடலில் அதன் அர்த்தம் மாறிவிடும். சிறுசிறு இடைவெளியில் ஒவ்வொன்றாக ஏவப்பட்டுச் சிவப்பு நட்சத்திரம் உதிர்க்கும் வாணம், கடலில் மோதல் தவிர்ப்புக்கான சர்வதேச விதிகளின்படி ‘உதவி வேண்டும்’ என்ற அடையாளம். தீபாவளிக்குப் படகின் தளத்திலிருந்து விடும் சிவகாசி ராக்கெட் மீட்புக் கப்பலையே வரவழைத்துவிடலாம். ஆபத்தில் உதவி கேட்க வைத்திருக்கும் அபாயச் சுடர்களில் பழையவற்றைப் புத்தாண்டு இரவில் கொளுத்துவதும் அதே தவறு.

முறையான அபாயச் சுடர்கள் படகில் இருந்தே ஆக வேண்டும். கப்பல்களுக்கான சர்வதேச அளவுகோலின்படி பாராசூட் சுடர் குறைந்தது 300 மீட்டர் உயரம் சென்று 40 விநாடிக்குக் குறையாமல் எரிய வேண்டும். கைச்சுடர் ஒரு நிமிடம் எரிய வேண்டும். சிவப்பு நிறம் சிவகாசி மத்தாப்பைப் போலவே ஸ்ட்ரான்சியம் உப்பிலிருந்து வருகிறது. வெடிக்கலவையைச் சிவகாசியில் ‘மருந்து’ என்பார்கள். மருந்து நமுத்துப் போனால் என்ன ஆகும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் சுடர்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. வழக்கமாக மூன்று ஆண்டு. காலாவதியானதைக் கடலில் வீசுவதும் படகுத்துறைக் குப்பையில் போடுவதும் கூடாது. துறை அலுவலகத்திடமோ கடலோரக் காவல்படையிடமோ கேட்டு ஒப்படைக்க வேண்டும். புதியதை விமானத்தில் பயணச்சாமானாக எடுத்துவர முடியாது. அடுத்த துறையிலேயே வாங்க வேண்டும்.

துறையில் தங்குகையில்

கட்டணம் பெரும்பாலும் படகின் நீளத்தைப் பொறுத்தது. மின்சாரம், தண்ணீர் அதில் அடங்குமா என்று முதலிலேயே கேட்க வேண்டும். இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியாவில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சுங்கம் முத்திரையிட்ட மது அலமாரியைப் புறப்படும்வரை திறக்கக் கூடாது. படகுகள் நெருங்கிக் கட்டப்படும் இடத்தில் ஒரு தீ வரிசையையே எரித்துவிடும். எனவே சமையல் வாயு உருளையின் வால்வை வெளியே போகும்போது மூடிவிட வேண்டும்.

இந்தியப் பயணங்களும் புறப்பாடும்

2017-18இல் இந்தியக் கடற்படையின் பெண் அதிகாரிகள் ஆறு பேர் தாரிணி பாய்மரப் படகில் உலகைச் சுற்றினர். ஃபிரிமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய நான்கும் திட்டமிட்ட நிறுத்தங்கள். திரும்பும் வழியில் பழுது காரணமாக மொரீஷியஸிலும் நிற்க நேர்ந்தது. 2024-25இல் அதே படகில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் இருவராகவே உலகைச் சுற்றி வந்தனர்.

எதிர்பாராத நிறுத்தத்துக்கும் இதே ஒழுங்குதான். ஆபத்தில் ஒதுங்கும் படகுக்கு 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை இடம் தருகிறது. ஆயினும் உடனே அறிவித்தாக வேண்டும். இந்தியக் கடலில் கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554. புறப்படும்போது கட்டணம் தீர்த்து, குடிவரவு முத்திரையும் புறப்பாட்டுச் சான்றும் பெற வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் வரும் படகை அடுத்த நாட்டுத் துறை ஏற்கத் தயங்கும்.