பீலிப் பாசியும் நொதியமும்: ஓர் ஆய்வு வரலாறு

இரத்தினபுரி மாவட்டத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில், மலையூற்று நீரை இறக்கித் தரும் பீலியை நம்பியே லயத்து மக்கள் பலர் தலைமுறைகளாக வாழ்ந்து வந்துள்ளனர். பீலிக்கல்லில் காலை வழுக்கும் படிவை நாம் பாசி என்று கூறி அமைகின்றோம். ஆயின், அதில் பற்றீரியாக்களும் உள. தாமே சுரக்கும் பசைக்குள் அவை கூட்டமாக வாழும் அமைப்பு உயிர்ப்படலம் எனப்படும். குழாயின் உட்புறத்தும் தொட்டிச் சுவரிலும் அது படிகின்றது. பசையினுள் உறைவனவற்றைக் குளோரீன் எளிதிற் கொல்வதில்லை. ஆதலின், அப்படலத்தைக் கலைக்க முயன்ற ஆய்வின் வரலாறு நமக்கு அயலானதன்று.

அவ்வரலாறு கடலிலே தொடங்குகின்றது. 1970இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் ஒளிரும் கடற் பற்றீரியாவை ஆராய்ந்தனர். கூட்டம் பெருகி, அது வெளியிடும் பொருளொன்று போதிய அளவு சேர்ந்த பின்னரே ஒளி தோன்றுதலைக் கண்டனர். சங்கக் கூட்டம் நடைபெறுதற்கு வேண்டிய குறைந்த அளவு உறுப்பினர் தொகையைக் ‘கோரம்’ என்கிறோம். அச்சொல்லைக் கொண்டே 1994இல் இவ்வியல்புக்குக் ‘கோரம் உணர்வு’ எனப் பெயரிடப்பட்டது. 1998இல் டேவிஸ் குழுவினர், சமிக்ஞைப் பொருளை ஆக்கவியலாத சூடோமோனாசு பற்றீரியா மெலிந்த படலத்தையே அமைக்கின்றது என்றும், அது எளிதிற் கலைகின்றது என்றும் காட்டினர்.

சமிக்ஞையை அழித்தல் கூடுமோ என்பது அடுத்த வினாவாயிற்று. 2000இல் சிங்கப்பூரில் டொங், சாங் முதலியோர் பசிலசு இனப் பற்றீரியா ஒன்றில் அதற்குரிய நொதியத்தைக் கண்டனர். சமிக்ஞை மூலக்கூற்றின் லக்ரோன் வளையத்தை அது பிளக்கின்றது. 2001இல் அந்நொதியத்தை ஆக்கும் புகையிலை, உருளைக்கிழங்குச் செடிகள் அழுகல் நோயை எதிர்த்து நின்றன. நோய்க்கிருமி கொல்லப்படவில்லை, அதன் பேச்சே அடக்கப்பட்டது. 2002இல் படலப் பசையிலுள்ள டி.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியமும் சோதிக்கப்பட்டது. இளம் படலம் கரைந்தது. முதிர்ந்ததோ பெரிதும் கரையவில்லை.

இவற்றின் எல்லையும் ஈண்டு நோக்கற்பாலது. லக்ரோன் சமிக்ஞை எல்லாப் பற்றீரியாக்களுக்கும் உரியதன்று. பெப்ரைட்டுகளாற் பேசுவனவும் உள. பல்லினம் கூடி வாழும் குழாய்ப் படலத்தை ஒரு நொதியம் மட்டுமே அடக்குமெனக் கருதவியலாது. இளமையிலேயே படலத்தை அகற்றல் வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும். ஊற்றுக்கண்ணைக் காத்தலும், தொட்டியைக் காலந்தவறாது தேய்த்துக் கழுவலும் அதற்குரிய வழிகளாம். நாளை வரக்கூடிய நொதியத்தைக் காட்டி, லயத்து மக்களுக்கு இன்றே உரிய தூய நீரைத் தள்ளிப்போடுதல் தகாது என்பது எம் துணிபு.