கடனுக்கு வீழ்ந்த காடு

பலகைக் கடைகளிலும் தாள் பொதிகளிலும் மரவடிவில் ஒரு சிறு முத்திரையை நாம் காண்கின்றோம். காடு முறைப்படி பேணப்படுகின்றது என்பதற்கான சான்று அது. அதன் தேவையை உணர்த்தும் வரலாறு வட கலிபோர்னியாவின் ஸ்கோஷியா என்னும் ஊருக்கு உண்டு.

சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, றெட்வூட் எனப்படும் வானளாவிய மரங்களின் நடுவே அமைந்த அவ்வூரின் வீடுகளும் கடைகளும் பசிபிக் லம்பர் கம்பனிக்கே உரியனவாயிருந்தன. 1930களிலிருந்து அக்கம்பனி மரங்களைத் தெரிந்தெடுத்தே வெட்டி வந்தது. தொழிலாளர் தம் பிள்ளைகளுக்கும் அங்கு வேலையுண்டு என நம்பினர்.

1985 இல் ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்ரன் முதலாளி சாள்ஸ் ஹேர்விற்ஸின் மக்ஸாம் நிறுவனம் பெருங்கடன் பெற்று இதனைக் கைப்பற்றியது. கடனைத் தீர்க்க வெட்டு இருமடங்காயிற்று. கடன்பட்டுக் காணி வாங்கியவன் அக்காணியின் பனைகளைத் தறித்து வட்டி கட்டுவதை நாம் ஊரில் கண்டதில்லையா? தொழிலாளரின் ஓய்வூதிய நிதியும் தப்பவில்லை. அதன் உபரியை மக்ஸாம் எடுத்துக்கொண்டது. பொறுப்பு ஒரு காப்புறுதி நிறுவனத்திடம் விடப்பட்டது. 1991 இல் அந்நிறுவனமும் முறிந்தது.

அக்காலத்திலேயே, 1990 இல், மர வணிகரும் சூழல் ஆர்வலரும் மனித உரிமையாளரும் கலிபோர்னியாவில் கூடி, நல்ல மரத்தை இனங்காணும் வழியை ஆராய்ந்தனர். 1992 இல் றியோ மாநாட்டில் அரசுகள் காடுகளுக்கென ஓர் ஒப்பந்தம் செய்யத் தவறின. மறு ஆண்டு ரொரன்ரோவில் எஃப்.எஸ்.சி. என்னும் வனப் பராமரிப்பு மன்றம் உருவாயிற்று. ஆயினும் வாங்குவோர் கேட்கும்வரை வணிகர் அசையவில்லை என்பதே எம் கணிப்பு. சான்பிரான்சிஸ்கோவின் மழைக்காட்டுச் செயற்பாட்டாளர் கடை வாசல்களில் நடத்திய போராட்டத்தின் பின்னரே, 1999 இல் ஹோம் டிப்போ நிறுவனம், அழிவை எதிர்நோக்கும் காடுகளின் மரத்தை 2002 இறுதிக்குள் கைவிடுவதாக அறிவித்தது.

அதே 1999 மார்ச்சில், ஹெட்வோட்டர்ஸ் காட்டின் 7,472 ஏக்கரை மத்திய, மாநில அரசுகள் 380 மில்லியன் டொலருக்கு வாங்கிக் காத்தன. பணம் வந்தும் கம்பனி மீளவில்லை. 2007 இல் முறிவுக்கு விண்ணப்பித்தது. 2008 இல் அதன் காடும் ஆலையும் சான்பிரான்சிஸ்கோவின் ஃபிஷர் குடும்பத்துக்குச் சொந்தமான மெண்டொசினோ றெட்வூட் நிறுவனத்தின் கைக்கு மாறின. காடு பின்னர் முத்திரையும் பெற்றது. ஸ்கோஷியாவின் வீடுகளோ கடன் கொடுத்த முதலீட்டு நிறுவனமொன்றின் உடைமையாகி, ஒவ்வொன்றாக விற்பனைக்கு விடப்பட்டன.