ராத்திரியில் பனிமலை ஏறி போட்டோ எடுக்கலாமா? ஸ்னோஷூ நடையில் கேமராக்காரருக்குத்தான் அதிக ஆபத்து... ஏன்?

மைனஸ் 15 டிகிரி குளிர். இரவு 9 மணி. ஊரே ஹீட்டர் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் நேரத்தில், நாலு நண்பர்கள் நெற்றியில் டார்ச், தோளில் டிரைபாட் சகிதம் மலையேறக் கிளம்புகிறார்கள். கனடாவின் மான்ட்ரியல் நகரில் இது பெரிய அதிசயம் இல்லை. அந்த ஊருக்கு நடுவிலேயே இருக்கும் 233 மீட்டர் உயர மவுண்ட் ராயலில், ராத்திரி ஸ்னோஷூ நடைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு.

ஸ்னோஷூ என்றால் என்ன?

பேருக்குத்தான் ஷூ. பார்க்க டென்னிஸ் பேட் மாதிரி இருக்கும். பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ள வேண்டும். புதிதாக விழுந்த பனியில் வெறும் பூட்ஸோடு நடந்தால் முழங்கால் வரைகூட புதையும். ஸ்னோஷூ நம்ம எடையை அகலமாகப் பரப்பிவிடுவதால் கால் அவ்வளவாக இறங்காது. இது வட அமெரிக்கப் பழங்குடிகளின் நுட்பம். வளைத்த மரச்சட்டத்தில் விலங்குத் தோல் வாரால் வலை பின்னினார்கள். இப்போது அலுமினியம், பிளாஸ்டிக், அடியில் வழுக்காமல் இருக்க உலோகப் பற்கள்.

1840-களில் மான்ட்ரியலின் ஆங்கிலம் பேசும் வசதியான ஆட்கள் இதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டு, மான்ட்ரியல் ஸ்னோஷூ கிளப்பைத் தொடங்கினார்கள். நீலக் கம்பளித் தொப்பிதான் அடையாளம். ராத்திரி நடை, தீப்பந்த ஊர்வலம் என்று அமர்க்களப்படுத்தியிருக்கிறார்கள்.

அப்போ போட்டோ எப்படி எடுத்தார்கள்?

அன்றைய கண்ணாடித் தகடு கேமராவை வைத்து இருட்டில் கூட்டத்தைப் படம் பிடிக்க வழியே இல்லை. ஸ்காட்லாந்திலிருந்து 1856-ல் மான்ட்ரியல் வந்து ஸ்டூடியோ போட்ட வில்லியம் நாட்மன் ஒரு வேலை செய்தார். கிளப்காரர்களை ஸ்டூடியோவில் படம் எடுத்து, உருவங்களைக் கத்தரித்து, வரைந்த பனிமலைப் பின்னணியில் ஒட்டினார். அவருடைய ஸ்டூடியோ காட்சிகளில் பனியாக நடித்தது உப்பு. போட்டோஷாப் அப்பவே இருந்திருக்கு!

இப்போது எப்படி எடுப்பது?

பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் நல்லது. பனி நிலா வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் டார்ச்சை அணைத்தாலும் வழி தெரியும். டிரைபாட் கட்டாயம், போகஸை மேனுவலில் வையுங்கள். ஷட்டர் சில விநாடிகள் திறந்திருக்கும் என்பதால், நண்பர்கள் ஸ்டாச்சூ விளையாட்டு மாதிரி அசையாமல் நிற்கணும். இன்னொன்று, வெள்ளைப் பனியைச் சாம்பல் நிறமாக்கிவிடுவது கேமரா மீட்டரின் வழக்கம். எக்ஸ்போஷரை ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை கூட்டினால்தான் பனி பனியாகத் தெரியும். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். உபரி பேட்டரியை ஜாக்கெட்டின் உள் பாக்கெட்டில் உடம்புச் சூட்டோடு வைத்திருங்கள்.

ஆபத்து எங்கே?

நடக்கிறவரை குளிர் தெரியாது, வியர்க்கவே செய்யும். போட்டோவுக்காக நிற்கும்போதுதான் அந்த வியர்வை ஐஸாகக் குளிரும். மற்றவர்கள் கையைத் தேய்த்துக்கொண்டு குதித்துக்கொண்டிருப்பார்கள். கேமராக்காரர் மட்டும் கிளவுஸைக் கழற்றிவிட்டு பட்டனைத் திருகிக்கொண்டு இருப்பார். காற்றையும் சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 28-ஐத் தொட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துபோகலாம். இதுதான் ஃப்ராஸ்ட்பைட்.

இதில் மோசமான விஷயம், உறையும் இடம் மரத்துப்போவதால் சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது. மூக்கு நுனியோ கன்னமோ வெளுத்திருப்பதைப் பக்கத்தில் நிற்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால் அடிக்கடி ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளுத்திருந்தால் தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் தப்பு. வெறும் உள்ளங்கையை மெதுவாக வைத்து மூடிக்கொண்டு, உடனே கதகதப்பான இடத்துக்குப் போகணும். அங்கேயும் உணர்ச்சி திரும்பவில்லை, கொப்புளம் வருகிறது என்றால் மருத்துவமனைதான்.

கிளவுஸுக்குள் இன்னொரு மெல்லிய கிளவுஸ் போட்டுக்கொண்டால் பட்டனைத் திருக வெறுங்கை தேவைப்படாது.

வீட்டுக்கு வந்ததும் கேமராவை வெளியே எடுத்துவிடாதீர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சோடா பாட்டில் மாதிரி லென்ஸெல்லாம் வியர்த்துவிடும். வாசலிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அறைச் சூட்டுக்கு வரும்வரை ஓரிரு மணி நேரம் விட்டுவிடுங்கள். மெமரி கார்டை மட்டும் முன்னாடியே உருவிக்கொண்டால், அதற்குள் படங்களைப் பார்த்துவிடலாம்.