சிறு வாடகை வீடு: ஜவ்வாது மலையும் அடிவாரமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்குப் பெரும்பான்மையோர் பழங்குடிகளான மலையாளிகள். அவர்கள் சொந்த நிலத்தில் வீடு கட்டி வாழ்வோர். மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரில் ஆசிரியர், அரசு ஊழியர் போன்றோருக்கே வாடகை வீடு தேவைப்படுகிறது.

பழங்குடி நிலத்துக்குப் பாதுகாப்புத் தரும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. எனினும், பழங்குடிகளுக்கு அரசு ஒப்படை செய்த நிலத்தை மற்றவருக்கு விற்க நிபந்தனைகள் தடையாக உள்ளன. முதலீட்டுக்காக அந்நிலத்தைத் தேடுவது சட்டச் சிக்கல் மட்டுமன்று, ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரத்தைப் பறிப்பதுமாகும்.

ஆகவே சிறு முதலீட்டாளருக்கு ஏற்றவை திருப்பத்தூர், ஆம்பூர், வாணியம்பாடி போன்ற அடிவார நகரங்கள். தோல் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் ஆம்பூரில் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கும் தேவை உண்டு. வாங்குமுன் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் ஒப்பிட வேண்டும். மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்பதும் முக்கியம். 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய அங்கீகாரமற்ற மனைகளுக்கே வரன்முறைத் திட்டம் வந்தது.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. எழுத்து ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லையேல் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகக்கூடாது. வருமான வரிக் கணக்கில், நிகர ஆண்டு மதிப்பில் 30 விழுக்காடு கழிவு கிடைக்கும். அந்தத் தொகையைக் கூரைக் கசிவுக்கும் மோட்டார் பழுதுக்கும் ஒதுக்கி வைப்பது நல்லது.