பொட்டு எங்கே போனது?

அம்மாவின் திதிக்காகப் பழைய கலர் படம் ஒன்றைப் பெரிதாக்கக் கடையில் கொடுத்தேன். கலர் வெளுத்துச் செம்மை ஏறியிருந்ததால், கறுப்பு வெள்ளையாகவே போட்டுவிடச் சொன்னேன். வந்த படத்தில் முகம் பளிச்சென்று இருந்தது. நெற்றியில் குங்குமத்தைத்தான் காணோம். அப்பா இருந்தபோது எடுத்த படம் அது. அக்கா பார்த்துவிட்டு, "இதை மாட்டாதே" என்று சொல்லிவிட்டாள்.

பேரேட்டில் ஒரு பக்கம் இருந்த தொகை மறுபக்கம் காணாமல் போனால் எங்களைப் போன்ற பி.காம். ஆசாமிகளுக்குத் தூக்கம் வராது. தேடிப் படித்தேன்.

எந்த நிறம் எவ்வளவு சாம்பலாக வேண்டும் என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். ஆரம்ப காலப் புகைப்படத் தகடுகளில் அதை ரசாயனமே முடிவு செய்தது. அவற்றில் நீல ஒளிதான் நன்றாகப் பதியும். அதனால் வானம் வெறும் வெள்ளையாகவும் சிவப்பு கரியாகவும் விழும். 1873-ல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் என்ற வேதியியல் பேராசிரியர், தகட்டில் சாயம் சேர்த்தால் பச்சையும் பதியும் என்று கண்டார். சிவப்பு அப்போதும் சிக்கவில்லை. (இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிந்தது இந்தத் தைரியத்தில்தான்.) உங்கள் வீட்டுப் பாட்டியின் பழைய ஸ்டூடியோ படத்தில் குங்குமம் மை போல் கறுத்திருந்தால், காரணம் இதுவாக இருக்கலாம். எல்லா நிறமும் பதியும் தகடுகள் 1906-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன.

அதன்பின் முடிவு கேமராக்காரர் கைக்கு வந்தது. 1927-ல் ஆன்செல் ஆடம்ஸ், அமெரிக்காவின் ஹாஃப் டோம் பாறையைச் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார். நீல வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டது. சிவப்பு ஃபில்டர் நீலத்தைக் கறுக்க வைக்கும், சிவப்பை வெளுக்க வைக்கும். என் வழக்கில் துப்பு கிடைத்தது இங்கேதான்.

1953-ல் அமெரிக்கா கலர் டிவிக்கு விதி வகுத்தபோது, பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் படம் தெரிய வேண்டியிருந்தது. நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிகப் பிரகாசம் என்பதால் சிவப்புக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 சதவீதம் என்று பங்கு பிரித்தார்கள். கூட்டிப் பாருங்கள், டேலி ஆகும்! இன்றும் பல மென்பொருள்கள் இதையோ இதை ஒட்டிய கணக்கையோதான் போடுகின்றன. 1990-ல் வந்த ஃபோட்டோஷாப், 2007 பதிப்பில் ஆறு நிறங்களுக்குத் தனித்தனி அளவுகோலே கொடுத்துவிட்டது.

கடைத் தம்பியிடம் கேட்டேன். "முகம் ஸ்மூத்தா வரும்னு ரெட் ஃபில்டர் போட்டேன் சார்" என்றான். தோலோடு குங்குமமும் சேர்ந்து வெளுத்துவிட்டது.

வீட்டுக் கணினியில் இலவச மென்பொருளான கிம்ப் போட்டு, மோனோ மிக்சரில் சிவப்பைக் குறைத்துப் பச்சையைக் கூட்டினேன். பொட்டு வந்துவிட்டது. முகம் சற்றுக் கறுத்தது. அம்மா மாநிறம்தானே! அக்காவே ஆணி அடிக்கச் சொன்னாள்.

உங்களிடம் இப்படிப் படம் இருந்தால் மாலையில் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். கலர் ஸ்கேனை மட்டும் அழித்துவிடாதீர்கள். சாம்பலாக்கிய படத்திலிருந்து பழைய நிறத்தைத் திரும்ப எடுக்க முடியாது.