மலிவு விலை விளையாட்டுக் கணினி (சேலம் – நாமக்கல் சமவெளி)

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதியில் படிப்புக்கோ கணக்கு வழக்குக்கோ வாங்கப்பட்டு, ஓய்வு நேரத்தில் கேம் ஆடவும் பயன்படுகிற மேசைக் கணினி இக்கட்டுரையின் பொருள். மானிட்டர் நீங்கலாக ரூ. 40,000க்கு உட்பட்டவை மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகின்றன. போட்டிகளுக்கும் நேரலை ஒளிபரப்புக்கும் கட்டப்படும் கணினிகள் இதில் அடங்கா.

நாமக்கல் 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கணினி வாங்குவோருக்கு அந்த எல்லை பெரிதாகப் பொருட்டில்லை. ராசிபுரத்துக்காரரும் திருச்செங்கோட்டுக்காரரும் சேலத்தின் ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் பகுதிகளில் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு, அதைப் பெங்களூர் எஸ்.பி. ரோடு விலையோடும் சென்னை ரிச்சி தெரு விலையோடும் ஒப்பிடுவார்கள். சேலத்திலிருந்து பெங்களூர் சுமார் 200 கி.மீ., சென்னை சுமார் 340 கி.மீ. ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக அவ்வளவு தூரம் போய் வருவதில் லாபமில்லை. ஒரு பொருள் பழுதானால் அதே தூரத்தை மீண்டும் கடக்க வேண்டும்.

முன்வரலாறு

இப்பகுதி வீடுகளுக்குக் கணினி வருவதற்கு முன்பே கேம் வந்துவிட்டது. 1990களில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடிய ‘டிவி கேம்’ பெரும்பாலும் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியின் நகல். மாரியோவும் கான்ட்ராவும் கேசட்டில் கிடைத்தன. அதே காலத்தில் நின்றபடி காசு போட்டு ஆடும் வீடியோ கேம் கடைகளும் இருந்தன. கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், அதிலுள்ள நான்கு நாயகர்களில் ஒருவரின் பெயரால் ‘முஸ்தபா கேம்’ என்றே நாடெங்கும் அறியப்பட்டது. அதன் உண்மைப் பெயர் அதை ஆடித் தீர்த்தவர்களில் பலருக்கு இன்றும் தெரியாது.

கணினியில் முதலில் வந்தவை டாஸ் காலத்து கேம்கள். ஜான் ரொமேரோ உருவாக்கிய டேஞ்சரஸ் டேவ், 1989இல் வெளிவந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆகியவை பள்ளி ஆய்வகங்களிலும் கணினிப் பயிற்சி மையங்களிலும் பாடத்துக்கு நடுவே ஆடப்பட்டன. இவற்றுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு எதுவும் வேண்டியதில்லை. அலுவலகக் கணினியிலேயே கேமும் ஆடிவிடலாம் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்றும் வாங்குவோர் மனத்தில் அதுவே இருக்கிறது.

1998இல் தனியார் இணையச் சேவைக்கு அனுமதி கிடைத்தபின் பிரவுசிங் சென்டர்கள் பெருகின. மின்னஞ்சல் பார்க்கவும் தேர்வு முடிவு பார்க்கவும் திறக்கப்பட்ட இம்மையங்கள் மாலையில் கேம் கூடங்களாயின. ரோட் ரேஷ், விர்ச்சுவா காப் 2, நீட் ஃபார் ஸ்பீட் 2, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், 2000 இறுதியில் வந்த புராஜெக்ட் ஐ.ஜி.ஐ., பின்னர் கவுன்டர் ஸ்டிரைக் 1.6, 2003இல் கணினிக்கு வந்த ஜிடிஏ வைஸ் சிட்டி என வரிசை நீளும். வைஸ் சிட்டி கேட்டது 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, 128 எம்பி ரேம், 32 எம்பி கிராபிக்ஸ் மட்டுமே. அக்காலத்து இன்டெல் 845, 865 சிப்செட் மதர்போர்டுகளின் உள்ளிணைந்த கிராபிக்ஸே அதற்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் பிக்சல் ஷேடர் கேட்கும் கேம்கள் வந்தபோது அந்த போர்டுகள் கைவிட்டன. அவற்றின் கிராபிக்ஸில் அந்த வசதியே இல்லை. கார்டு வாங்கக் காசில்லாதவர்கள் 3டி அனலைஸ் என்ற இலவச மென்பொருளை இடையில் வைத்து, கார்டு இருப்பதாக கேமை நம்பச் செய்து ஆடினார்கள். படம் நத்தை வேகத்தில் நகரும், ஆனாலும் நகரும்.

2005 இரண்டு வகையில் முக்கியமான ஆண்டு. ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அகலப்பாட்டை தொடங்கியது. அதே ஆண்டில், புதுச்சேரியில் ஆலை வைத்திருந்த எச்.சி.எல். நிறுவனம் ரூ. 9,990க்கு லினக்ஸ் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரத்துக்குள் கணினி என்ற செய்தி பரவினாலும் அதில் அன்றைய கேம்கள் ஓடவில்லை. இப்பகுதிக் குடும்பங்கள் அசெம்பிள்டு சிஸ்டம் பக்கமே நின்றன. லாரிக்குச் சேஸிஸை ஓரிடத்தில் வாங்கி, பாடியை நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ திருச்செங்கோட்டிலோ தம் தேவைப்படி கட்டிக்கொள்ளும் ஊர்க்காரர்களுக்கு, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பூட்டுவது புதிய யோசனையாகத் தோன்றியிருக்காது. நிறுவனம் மூடித் தரும் பெட்டியைவிட அசெம்பிள்டு சிஸ்டமே பிரிக்க, மாற்ற, விற்க எளிது.

2011இல் சைபர் கஃபேக்களுக்கான மத்திய அரசு விதிகள் வந்து, வருவோரின் அடையாளச் சான்றைப் பதிவது கட்டாயமாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பிளஸ் டூ மாணவர் வீட்டுக்கு அரசே ஒரு கணினியைத் தந்துவிட்டதால், ‘படிப்புக்கு’ என்று சொல்லி மேசைக் கணினி கேட்கும் வழி பலருக்கு அடைபட்டது. 2016இல் ஜியோவும் 2018இல் பப்ஜி மொபைலும் வந்தபின் இளைஞர் கூட்டம் கைப்பேசிக்கு நகர்ந்தது. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி தடைசெய்யப்பட்டது. பொதுமுடக்கத்தால் வீட்டிலிருந்தோரில் ஒரு பகுதியினர் அவ்வாண்டு ஜூனில் வெளியாகியிருந்த வலோரண்ட் வழியாக மேசைக் கணினிக்குத் திரும்பினர்.

வகைப்பாடு

கடைகள் இவற்றை ‘ஐ3’, ‘ஐ5’, ‘ரைசன்’ எனப் பிராசஸர் பெயரால் பிரிக்கின்றன. விற்பவருக்கு அது வசதி. வாங்குபவருக்குப் பயன்படும் பிரிவு வேறு: கிராபிக்ஸ் தன் மின்சாரத்தை எங்கிருந்து பெறுகிறது என்பது. அதிலிருந்தே எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), கேபினெட், யுபிஎஸ், மின்கட்டணம் எல்லாம் முடிவாகின்றன.

முதல் வகை, பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் கொண்டவை. 2018 பிப்ரவரியில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 3 2200ஜி இவ்வகையை மதிக்கத்தக்கதாக்கியது. 2021இல் சில்லறை விற்பனைக்கு வந்த ரைசன் 5 5600ஜி ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். வலோரண்ட் குறைந்தபட்சம் கேட்பது இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸைத்தான். 5600ஜி அதைவிடப் பல மடங்கு வலியது. ஜிடிஏ 5 கூடக் குறைந்த அமைப்பில் சீராக ஓடும். இதில் பெரும்பாலோர் பிழை செய்யும் இடம் ரேம். உள் கிராபிக்ஸ் தனக்கென நினைவகம் இன்றி ரேமையே பயன்படுத்துகிறது. டிடிஆர்4 3200 ரேம் ஒன்றைப் போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டைப் போட்டால் 51.2 ஜிபி. ஆகவே ஒரே 16 ஜிபி குச்சியைவிட இரண்டு 8 ஜிபி குச்சிகள் மேல். ‘பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்’ என்று கடைக்காரர் சொல்லும் ஒற்றைக் குச்சிக் கொட்டேஷன் பாதி வேகத்துக்கு முழு விலை கேட்பது. பெயரின் இறுதியில் எஃப் எழுத்துள்ள இன்டெல் பிராசஸர்களில், எடுத்துக்காட்டாக ஐ3 12100எஃப், உள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் அதை வாங்கினால் திரையில் எதுவும் வராது.

இரண்டாம் வகை, மதர்போர்டின் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் இயங்கும் கார்டுகள் கொண்டவை. 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட். 2016இன் 1050 டிஐயும் 2019இன் 1650உம் 75 வாட். (1650இன் சில மாதிரிகளில் தனி மின்கம்பி உண்டு, பார்த்து வாங்க வேண்டும்.) குறைந்த செலவில் கேம் ஆட இதுவே சரியான வழி. காரணம், நிறுவனங்கள் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் டவர்கள் ரூ. 15,000க்குள் கிடைத்துவருகின்றன. அவற்றின் எஸ்எம்பிஎஸ் பல மாதிரிகளில் 240 வாட்டை ஒட்டியது, இணைப்புகள் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. பெரிய கார்டுக்காக எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற நினைத்தால் வெளிச்சந்தைப் பொருள் நேரடியாகப் பொருந்தாது. ஸ்லாட் மின்சாரக் கார்டு அந்தத் தொல்லையை எழுப்புவதே இல்லை. கேபினெட் முழு டவரா, மெலிந்த வகையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மெலிந்ததில் குட்டைக் கார்டு மட்டுமே நுழையும்.

இவ்வகையின் கடைசிப் படியில் நிற்கும் ஜிடி 1030 இரு விதமாக விற்கப்பட்டது. 2017இன் ஜிடிடிஆர்5 வகையின் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி; அடுத்த ஆண்டு அதே பெயரில் வந்த டிடிஆர்4 வகையில் 16.8 ஜிபிதான். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது இரண்டிலும் ஒன்றே.

மூன்றாம் வகை, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி மின்கம்பி இழுக்கும் கார்டுகள். 185 வாட் கேட்கும் ஆர்எக்ஸ் 580 இவற்றுள் பெயர்பெற்றது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் இயங்குமுறையை மாற்றியதும், அதைத் தோண்டப் பயன்பட்ட கார்டுகள் உலகெங்கும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கொட்டப்பட்டன. அவற்றில் 2048எஸ்பி என்ற குறிப்புள்ளவை மூல 580இன் 2,304 ஷேடர்களில் 2,048ஐ மட்டுமே கொண்டவை. இவ்வகைக்குக் குறைந்தது 450 வாட்டை உண்மையாகவே தரும் 80 பிளஸ் சான்றுள்ள எஸ்எம்பிஎஸ் வேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’ அந்த வாட்டைத் தருவதில்லை.

மின்சாரக் கணக்கில் இரண்டாம் வகையில் விழுந்தாலும் தனியே சொல்ல வேண்டிய நான்காவதும் உண்டு. 2011ஆம் ஆண்டின் எச்61 சிப்செட் போர்டு, இரண்டாம் தலைமுறை ஐ5, ஜிடி 610 அல்லது 730 கார்டு, முகப்பில் வண்ண விளக்கு எரியும் நான்கு விசிறிகள்; ‘ஐ5 கேமிங் பிசி’ எனப் பெயர். நான்கு கோர், நான்கு திரெட் கொண்ட ஐ5 2400, 2022இன் ஐ3 12100க்குப் பக்கத்தில் நிற்காது. ஐ5 என்ற பெயரைவிட, அதன் பின்வரும் எண்ணின் முதல் ஓரிரு இலக்கங்கள் காட்டும் தலைமுறைதான் விலையைத் தீர்மானிக்க வேண்டும். விளக்குக்குத் தந்த பணத்தில் ஒரு எஸ்எஸ்டி வாங்கியிருக்கலாம்.

மின்சாரம், வெப்பம், தூசி

2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்தடை, 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. அக்காலத்தில் வீடுகளில் நிலைத்த இன்வெர்ட்டர் இன்றும் பல இடங்களில் இருக்கிறது. கணினியை அதில் இணைப்பவர்கள் பின்புற சுவிட்சை ‘யுபிஎஸ்’ நிலைக்கு மாற்ற வேண்டும். சாதாரண நிலையில் மின்சாரம் மாறும் கணத்தில் கணினி அணைந்துவிடும். தனி யுபிஎஸ் என்றால் 600 விஏ முதலிரு வகைகளுக்குப் போதும். மூன்றாம் வகைக்கு 1 கேவிஏ தேவை. எர்த் இல்லாத பழைய வீட்டு பிளக்கில் செருகிய கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். கணினிமேல் பழி போடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைப்பது நல்லது.

இரண்டாம் வகைக் கணினி ஆடும்போது 200 வாட் இழுப்பதாகக் கொண்டால், நாளுக்கு மூன்று மணி நேரம் என இரு மாதத்துக்கு 36 யூனிட் ஆகும். இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் பெறும் வீட்டில் இது சிறிய கணக்கு. ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் விகிதம் விழும். ஏசி ஓடும் வீட்டில் அந்த 36 யூனிட்டே 500 என்ற எல்லையைத் தாண்டவைக்கக் கூடும்.

ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தின் வெயில் 40 டிகிரியைத் தொடும். பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி, இளம்பிள்ளை போன்ற விசைத்தறி ஊர்களில் பஞ்சுத் துகள் ஹீட்சிங்க்கின் இடுக்குகளை அடைக்கிறது. கேம் முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பின் லேக் அடித்தால் புதிய கார்டு தேடுவதற்கு முன் புளோயர் பிடிக்க வேண்டும். பிராசஸரின் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்ற வேண்டும். கண்ணாடி முகப்புள்ள கேபினெட்டைவிட வலைமுகப்புள்ளது இவ்வூர்களுக்கு ஏற்றது.

வாங்குதல்

புதிய உறுப்புகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பில் வேண்டாமென்றால் விலை குறையும் என்று சொல்லப்படும். வாரண்டியும் அதோடு போகும். செகண்ட் ஹேண்டுக்குக் கிடைப்பது ‘டெஸ்டிங் வாரண்டி’ எனப்படும் சில நாள் அவகாசம். அதற்குள் ஜிபியு-இசட் மென்பொருளில் கார்டின் உண்மைப் பெயரையும், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் வன்தட்டின் நிலையையும் பார்த்துவிட வேண்டும். பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டின் பயாஸை மாற்றி 1050 டிஐ என விற்பது இணையக் கடைகளில் அறியப்பட்ட மோசடி. பழைய விஜிஏ மானிட்டரை வைத்திருப்போர் கன்வெர்ட்டர் செலவையும் சேர்க்க வேண்டும். 1030, 1650 கார்டுகளில் விஜிஏ துளை கிடையாது. ஷோரூமில் விற்கும் புதிய நிறுவன மேசைக் கணினிகள் இந்த விலையில் அலுவலக வேலைக்கானவையே.

தற்போதைய நிலை

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே ஏற்பதாலும், அதில் வலோரண்ட் டிபிஎம் 2.0 கேட்பதாலும், ஏழாம் தலைமுறை வரையிலான அலுவலக டவர்கள் விலை இறங்கின. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் ரேம் விலை ஏறியது. டிசம்பரில் மைக்ரான், தன் குரூஷியல் என்ற நுகர்வோர் வணிகத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. அதற்கு முன் ரூ. 30,000 அளவில் முடிந்த 5600ஜி கணினியை இப்போது அந்த விலைக்குக் கட்ட முடிவதில்லை.